நான்காவது டிரைவர் வேண்டாம்

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்103 சிப் உள்ள போர்டில் பிஎம்பி280 காற்றழுத்த சென்சாரை ஐ2சி (இரண்டு கம்பியில் பேசும் பஸ்) வழியாக இணைத்திருக்கிறேன். சென்சாரோடு பேசும் நிரலான டிரைவர் கோப்புகளைச் சேர்த்தேன், கம்பைல் ஒழுங்காக ஆகிறது. ஆனால் சென்சார் பதிலே தருவதில்லை. என்ன பிழை என்று யூவார்ட் (கணினிக்கு எழுத்து அனுப்பும் சீரியல் இணைப்பு) வழியாகப் பார்க்கலாம் என்றால் திரையில் குப்பை எழுத்துகள்தான் வருகின்றன. மூன்று டிரைவர்களை மாற்றிப் பார்த்தாயிற்று. அடுத்து எதை முயலலாம்?

பதில்: நான்காவது டிரைவரைத் தேடாதீர்கள். டிரைவர் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் அடுக்கு. அதற்குக் கீழே கிளாக்கும் (சிப்பை ஓட்டும் துடிப்பு) பின்களும் சரியாக இல்லாவிட்டால் எந்த டிரைவரைப் போட்டாலும் இதே கதைதான்.

முதலில் யூவார்ட்டைச் சரிசெய்யுங்கள். உள்ளே நடப்பதைப் பார்க்க உங்களுக்கு இருக்கும் கண் அதுதான். குப்பை எழுத்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கிளாக்கை. இந்தச் சிப் ரீசெட் ஆனதும் தன்னுள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரில்தான் ஓடத் தொடங்கும். அதை 72-க்கு உயர்த்தும் ஃபங்ஷனை நீங்கள் அழைக்காமல் விட்டு, பாட் ரேட்டை (யூவார்ட் வினாடிக்கு அனுப்பும் பிட் எண்ணிக்கை) மட்டும் 72-க்குக் கணக்கிட்டிருந்தால்? 72 மெகாஹெர்ட்ஸிலிருந்து 115200 பாட் பெற வகுஎண் 625. அதே 625-ஐ வைத்து 8 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் சிப் அனுப்பும் வேகம் வெறும் 12800. டெர்மினலை 12800-இல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாக வந்துவிட்டால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். லாஜிக் அனலைசர் இருந்தால் இன்னும் நல்லது: ஒரு பிட்டின் அகலம் 8.7 மைக்ரோவினாடி இருக்க வேண்டிய இடத்தில் 78 இருக்கும்.

ஆனால் சென்சாரின் மௌனத்துக்கு இது மட்டும் காரணமாக இருக்க முடியாது. கிளாக் குறைந்தால் ஐ2சியும் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். அந்த வேகத்திலும் சென்சார் பதில் சொல்லும். அதனால் டீபக்கரில் ஐ2சி ரெஜிஸ்டர்களைத் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதிய பிறகும் எல்லாம் பூஜ்யமாகவே இருந்தால், ஆர்சிசியில் (சிப்பின் கிளாக் கட்டுப்பாட்டுப் பகுதி) அந்தப் பெரிஃபெரலுக்கு, அதாவது சிப்பின் ஐ2சி பகுதிக்கு, கிளாக் கொடுக்கவில்லை என்று பொருள். கிளாக் இல்லாத பெரிஃபெரலில் எதை எழுதினாலும் அது சத்தமில்லாமல் காணாமல் போகும். எச்சரிக்கை எதுவும் வராது. ஐ2சிக்கு மட்டுமல்ல, அதன் பின்கள் இருக்கும் போர்ட் பி-க்கும் தனியாகக் கிளாக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் பின்கள். ஐ2சியின் பின்களான பிபி6, பிபி7 இரண்டும் ஆல்டர்நேட் ஃபங்ஷன் (பின் பெரிஃபெரலின் கையில்), ஓப்பன் டிரெயின் (கம்பியைக் கீழே மட்டுமே இழுக்கும்) என்ற நிலையில் இருக்க வேண்டும். அந்த நிலையில் இந்தச் சிப்பின் உள் புல்-அப் (கம்பியை மேலே இழுக்கும் மின்தடை) வேலை செய்யாது, வெளியே 4.7 கிலோ ஓம் போடுங்கள். பல சென்சார் மாட்யூல்களில் புல்-அப் ஏற்கெனவே இருக்கும். மல்டிமீட்டர் வைத்தால், பஸ் சும்மா இருக்கும்போது இரண்டு கம்பியிலும் 3.3 வோல்ட் காட்ட வேண்டும். எஸ்டிஏ (தரவுக் கம்பி) மட்டும் பூஜ்யத்தில் நின்றால், பாதிப் பேச்சில் ரீசெட் செய்ததால் சென்சார் கம்பியை இழுத்துப் பிடித்திருக்கலாம். எஸ்சிஎல்லில் (கிளாக் கம்பி) ஒன்பது துடிப்பு கொடுத்தால் விட்டுவிடும்.

இதெல்லாம் சரி என்றால் முகவரி. சென்சாரின் எஸ்டிஓ பின் கிரவுண்டில் இருந்தால் ஹெக்ஸ் 76, சப்ளையில் இருந்தால் 77. எஸ்டி நிறுவனத்தின் ஹால் நூலகம் இதை ஒரு பிட் இடப்பக்கம் நகர்த்திக் கேட்கும். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. முழு டிரைவரையும் ஓடவிடாமல் சென்சாரின் அடையாள எண் இருக்கும் ஹெக்ஸ் டி0 ரெஜிஸ்டரை மட்டும் படியுங்கள். ஹெக்ஸ் 58 வந்தால் கம்பி முதல் முகவரி வரை எல்லாம் சரி, டிரைவரைச் சேர்க்கலாம். ஹெக்ஸ் 60 வந்தால் உங்களிடம் இருப்பது பிஎம்இ280, அதற்கான டிரைவரை எடுங்கள்.

கேள்வி: டைமர் 2-இன் இன்டரப்டை (ஓடும் வேலையை இடைமறித்து வேறொரு ஃபங்ஷனை அழைக்கும் சிக்னல்) இயக்கிய கணமே புரோகிராம் உறைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: டீபக்கரில் நிறுத்தி, எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். டிஃபால்ட் ஹேண்ட்லரில் (சொந்த ஃபங்ஷன் இல்லாத இன்டரப்ட் போய்ச் சேரும் இடம்) சுற்றிக்கொண்டிருந்தால் உங்கள் ஃபங்ஷனின் பெயர் ஸ்டார்ட்-அப் கோப்பில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை. ஓரெழுத்து மாறினாலும் லிங்கர் குறை சொல்லாது. சி++ கோப்பில் எழுதியிருந்தால் எக்ஸ்டர்ன் சி போட்டாக வேண்டும். உங்கள் ஹேண்ட்லருக்குள்ளேயே திரும்பத் திரும்ப நுழைகிறது என்றால், டைமரின் அப்டேட் ஃபிளாகை அழிக்க மறந்திருக்கிறீர்கள். ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே அதை அழித்துவிடுங்கள்.