உப்பைத் தின்ற மஸ்டாங்: குளிர்கால கராஜ் கேள்வி பதில்

டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கிறேன். 1968 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னோக்கிச் சரிந்திறங்கும் மாடல்) கார் ஒன்றை வீட்டு கராஜிலேயே ஆறு குளிர்காலம் பிரித்து, வெட்டி, வெல்டு வைத்து ஓட வைத்தேன். நவம்பர் பிறந்தாலே இதைப் பற்றிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சிகாகோ): அண்ணா, 1968 மஸ்டாங் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பெயிண்டை விடுங்கள் தம்பி. ஒரு காந்தம், ஒரு டார்ச், ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள்.

காந்தத்தில் மெல்லிய துணியைச் சுற்றி, பின் சக்கர வளைவிலும் கதவின் அடி ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் தகரம் இல்லை, பள்ளத்தை நிரப்பிய பட்டிதான் இருக்கிறது. டார்ச்சை அடித்து டிக்கியின் உள்தரை, முன்சட்டம் தரையோடு சேரும் மூலைகள் எல்லாவற்றையும் பாருங்கள். இந்த வண்டிக்குத் தனியாக சேசிஸ் கிடையாது, உடம்பேதான் சட்டம். அந்த மூலைகள் அரித்துப்போயிருந்தால் வண்டியின் முதுகெலும்பே போச்சு என்று அர்த்தம்.

தண்ணீர் எதற்கு என்றால், பானெட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவில் காற்று உள்ளே போகிற சல்லடை இருக்கும். கவுல் என்பார்கள். அதற்குள் இரண்டு தகட்டை வைத்து ஒரு பெட்டி மாதிரி செய்து, புள்ளி வெல்டு போட்டு மூடியிருக்கிறார்கள். மழையோடு இலைச்சருகும் அதில் இறங்கித் தங்கும். வெளியிலிருந்து எட்டிப் பார்க்க வழியே இல்லை. விற்பவரிடம் அனுமதி கேட்டு, தரைவிரிப்பை விலக்கிவிட்டு, சல்லடையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் சொட்டினால் பெரிய வேலை காத்திருக்கிறது.

என் வண்டியில் அதைத் திறக்க, வரிசையாக இருந்த புள்ளி வெல்டு ஒவ்வொன்றையும் துளைத்தெடுக்க வேண்டியிருந்தது. மேல் தகட்டைத் தூக்கியபோது உள்ளே டீ வடிகட்டிய சக்கை போலக் கறுப்பாக, ஈரமாக மக்கிப்போன மேப்பிள் இலைகள் கிடந்தன. காற்று இறங்கும் ஓட்டையைச் சுற்றியிருந்த இரும்பு வளையத்தை விரலால் தொட்டேன். அப்பளமாக நொறுங்கிக் கையோடு வந்துவிட்டது. அன்றுவரை இதை "கொஞ்சம் துருப்பிடித்த வண்டி" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன் கண்ணாடி வழியாகத் தெரிகிற வண்டி எண்ணையும் படித்துவிடுங்கள். 8 என்று தொடங்கினால் 1968. அடுத்து எஃப் வந்தால் டியர்போர்னில் செய்தது. 02 என்றால் ஃபாஸ்ட்பேக். அதற்குப் பின் வரும் எழுத்து எஞ்சினைக் குறிக்கும்: சி என்றால் 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்), எஸ் என்றால் 390, டி என்றால் ஆறு சிலிண்டர். 390 என்று விலை சொல்லி, எண்ணில் சி இருந்தால் அந்த எஞ்சின் பிறகு மாற்றி வைத்தது. எஞ்சின் அறைக்குள் பக்கவாட்டுத் தகட்டிலும் இதே எண் அடித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி (டொராண்டோ): வார இறுதி முழுக்கத் தேய்த்து வண்டியின் தரைத் தகட்டை வெள்ளி மாதிரி ஆக்கினேன். கராஜில் புரொபேன் ஹீட்டரும் ஓடியது. மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாம் ஆரஞ்சு நிறம். ஏன்?

உங்கள் ஹீட்டர்தான் காரணம். முதல் குளிர்காலத்தில் நானும் இப்படித்தான் இரண்டு நாள் உழைப்பை ஒரே இரவில் இழந்தேன்.

புரொபேன் எரிந்தால் வெப்பத்தோடு தண்ணீரும் வரும். ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி. 9 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 14 லிட்டருக்கும் மேல், அதாவது ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீர் கராஜ் காற்றில் கலந்திருக்கும். புகைக்குழாய் இல்லாத ஹீட்டர் என்றால் அத்தனையும் உள்ளேயேதான் சுற்றும். காற்று சீக்கிரம் சூடாகிவிடும், ஆனால் வண்டியின் இரும்பு சில்லென்றே இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பது போல அந்த இரும்பும் வியர்த்துவிடும். நீங்கள் தேய்த்த வெறும் இரும்பு அந்த ஈரத்தில்தான் இரவு முழுக்கக் கிடந்திருக்கிறது.

இதில் உப்பும் சேர்கிறது. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் சுமார் 1,200 அடி ஆழத்தில் பெரிய உப்புச் சுரங்கமே இருக்கிறது. பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு அங்கிருந்தும் வருகிறது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது பழமொழி. இந்த இரும்பும் அப்படித்தான். துருக் குழிக்குள் ஒட்டிக்கொண்ட உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் தேய்ப்பதற்கு முன்பே நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். தேய்த்த பிறகு கழுவலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

புகைக்குழாய் வழியாக வாயுவை வெளியே அனுப்பும் ஹீட்டரோ மின்சார ஹீட்டரோ வையுங்கள். கூடவே ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் ஒன்றும், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் வேண்டும். 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. தினம் ஓட்டுகிற வண்டியைப் பனிச்சேற்றோடு கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அதிலிருந்து உருகுகிற உப்புத் தண்ணீர் முழுவதும் உங்கள் மஸ்டாங்கின் மேல்தான் போய்ப் படியும். ஒருநாளில் எவ்வளவு தகட்டுக்கு பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவை மட்டும் தேயுங்கள்.

எந்த ஹீட்டராக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தலைவலி வரும்போதே தாமதமாகியிருக்கும். பெயிண்ட், தின்னர் புழங்கும் நேரத்தில் கராஜில் திறந்த தீ எதுவும் எரியக் கூடாது.

கேள்வி (மினியாபோலிஸ்): வெளியே மைனஸ் 15 டிகிரி. குளிர்காலத்திலேயே பெயிண்ட் வரை முடித்துவிட முடியுமா சார்?

முடிக்க நினைக்காதீர்கள். பிரிப்பது, எழுதி வைப்பது, வெட்டுவது, வெல்டு வைப்பது, எஞ்சினை மேசைக்குக் கொண்டுவருவது, இவைதான் குளிர்கால வேலைகள். எப்பாக்ஸி பிரைமரும் பட்டியும் சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக இறுகாது. அந்தக் கணக்கு காற்றுக்கு இல்லை, இரும்புக்கு. பிரைமர் அடிக்கும் அன்று மட்டும் முந்தின இரவே இரும்பைச் சூடாக்கத் தொடங்கி, அடித்த பிறகு இன்னும் ஒரு நாள் அதே சூட்டில் வையுங்கள். டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். மேல் பெயிண்ட்டை மே மாதத்துக்கு விட்டுவிடுங்கள். ஐசோசயனேட் என்கிற நச்சு ரசாயனம் கலந்த பெயிண்ட்டைக் கதவடைத்த கராஜில் சாதாரண முகமூடியோடு அடிப்பது நுரையீரலோடு விளையாடுவது.

கேள்வி (கிளீவ்லாண்ட்): தரைத் தகடு முழுவதும் ஓட்டை. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்கப்போகிறேன். என்ன கவனிக்க வேண்டும் அண்ணா?

வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலில் குறுக்கே சதுரக் குழாய் வைத்து வெல்டு பண்ணுங்கள். தரையை எடுத்ததும் நடுவில் உடம்பு தொய்ந்துவிடும். அதன் பிறகு கதவு மூடவே மூடாது. கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை நாலு இடத்தில் அளந்து சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போங்கள்.

தகடு சுமார் 0.9 மில்லிமீட்டர்தான். மிக் வெல்டரில் (கம்பியைத் தானாக ஊட்டும் வெல்டிங் கருவி) 0.6 மில்லிமீட்டர் கம்பியும், முக்கால் பங்கு ஆர்கான், கால் பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவும் போதும். ஒரே இழுப்பில் கோடு போட்டால் தகடு அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு என்று மாறி மாறி வையுங்கள். கை பொறுக்கிற சூடு ஆனதும் அடுத்த பொட்டு. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டு வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்கிற நச்சு வாயு உண்டாகும்.

கேள்வி (மில்வாக்கி): கீல், பிராக்கெட் மாதிரிச் சின்ன இரும்புகளில் துருவை எடுக்க மலிவான வழி?

மின்சாரக் குளியல். பிளாஸ்டிக் வாளியில் நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் துருப்பிடித்த பொருளுக்கு, பாசிட்டிவ் பழைய இரும்புத் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் உங்கள் கீல்தான் கரையும். பாசிட்டிவில் எவர்சில்வர் வைக்கக் கூடாது, குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வரும் என்பதால் கதவைத் திறந்து வையுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி ஒருநாள் முறிந்துவிடும்.

கேள்வி (பஃபலோ): 289 எஞ்சின் இறுகிப்போய்ச் சுற்றவே மாட்டேன் என்கிறது. ஸ்டார்ட்டரைக் கொடுத்து முயன்று பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். எட்டு பிளக்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். நூலளவு அசைந்தால் போதும், மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். மாதக்கணக்கில் பொறுத்துத் திரும்பிய எஞ்சின் உண்டு.

கேள்வி (பிட்ஸ்பர்க்): என்னுடையது 1966. பிரேக்கை அப்படியே விடலாமா?

விடாதீர்கள். 1966 வரை ஒரே பிரேக் சுற்றுதான், ஒரு குழாய் அரித்து வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. 1967 முதல் வந்த இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுங்கள். எஞ்சினை முதலில் கிளப்ப எல்லோருக்கும் ஆசை இருக்கும். பிரேக் முடிந்த பிறகே கிளப்புங்கள்.

கேள்வி (ஆன் ஆர்பர்): பத்து வயது மகள் "நானும் வர்றேம்மா" என்று தினம் கராஜுக்கு வருகிறாள். அவளுக்கு என்ன வேலை கொடுக்கலாம் அண்ணா?

கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. ஆனால் பழைய பெயிண்டைத் தேய்க்கும் இடத்துக்கு அவள் வரக் கூடாது. அந்தக் காலத்து பெயிண்டில் ஈயம் இருக்கும். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், காற்றடித்து ஊதாமல் நீங்களே ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

அவளுக்கு ஒரு கேமராவும், ஜிப் பைகளும், ஒரு மார்க்கரும் கொடுங்கள். ஒவ்வொரு போல்ட்டும் கழன்றதும் முதலில் படம், பிறகு பை, பிறகு பெயர். என் மகள் அப்போது எழுதிய பைகள் 140க்கு மேல் இருந்தன. "இடது கதவு, மேல் கீல், 3 போல்ட், ஒன்றில் மரை போய்விட்டது" என்று ஒரு பையில் எழுதியிருந்தாள். நாலு வருஷம் கழித்து அந்தக் கதவை மாட்டும்போது, கடைக்குப் போய் ஒரு போல்ட் மட்டும் வாங்கினேன்.