ஹிமாலயன் 411-க்கு பிக் போர் கிட் போடலாமா?

கேள்வி: என்னிடம் 2019 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 இருக்கிறது. 46,000 கி.மீ. ஓடிவிட்டது. பெரும்பாலும் மனைவியோடும் இரண்டு பக்கப் பெட்டிகளோடும்தான் பயணம். பைபாஸில் லாரியை முந்தலாம் என்று முறுக்கினால் வண்டி யோசிக்கிறது. மேட்டுப்பாளையம் - குன்னூர் ஏற்றத்திலும் அதே கதைதான். பிக் போர் கிட் (பெரிய பிஸ்டனும் அதற்கேற்ற சிலிண்டரும்), சைலன்சர், ஈசியூ ரீமேப் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்துவது) எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய் ஆகும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். அடுத்த ஜூனில் லடாக்கில் உள்ள லே போகிறோம். அதற்கு முன் செய்துவிடலாமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

முதலில் உங்கள் இன்ஜினைப் புரிந்துகொள்வோம். பிஸ்டன் விட்டம் 78 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 86 மி.மீ. விட்டத்தைவிட ஸ்ட்ரோக் நீளம், அதாவது கீழ் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) நிதானமாக இழுப்பதற்காகச் செய்த இன்ஜின். 4,000 முதல் 4,500 ஆர்பிஎம்முக்குள் 32 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தருகிறது. உச்ச பவரான 24.5 பிஎச்பி வருவதோ 6,500-ல். இப்போது ஒரு சின்னக் கணக்கு. 4,250 ஆர்பிஎம்மில் 32 நியூட்டன் மீட்டர் என்றால் பவர் சுமார் 19 பிஎச்பிதான். ஐந்தாவது கியரிலேயே இருந்துகொண்டு லாரியை முந்த முறுக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது இந்த 19. மீதி ஐந்தரை குதிரை அதற்கு மேலே சும்மா கட்டிக் கிடக்கிறது. நான்காவதுக்கு இறக்கிவிட்டு முறுக்குங்கள். அதில் பாதிக்கு மேல் வந்து சேரும். பின்சக்கரத்துக்குப் போகும் இழுவையும் கூடும். ‘இது டார்க் வண்டி, கியரே மாற்ற வேண்டாம்’ என்று யாரோ சொல்லிப் பழக்கிவிட்டார்கள். தனி ஆளாக ஓட்டும்போது அது சரி. ஆள், பெட்டி எல்லாம் ஏறிவிட்டால் அந்தப் பேச்சு செல்லாது.

சரி, பிக் போர் என்ன தரும்? கிட்டுக்குக் கிட் அளவு மாறும். உதாரணத்துக்கு 78 மி.மீ. பிஸ்டனை 81 ஆக்கினால் 411 சிசி சுமார் 443 சிசி ஆகும். கூடுவது 8 சதவீதம். எல்லாம் கச்சிதமாக அமைந்தால் உச்சத்தில் இரண்டு, இரண்டரை பிஎச்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தும்போது நீங்கள் இருக்கும் ஆர்பிஎம்மில் அதுவும் ஒன்றரையாகச் சுருங்கிவிடும். ஒரு கியர் இறக்கினால் இதைவிட அதிகம் கிடைக்கிறது, செலவு இல்லாமல்.

டாப் ஸ்பீடு கூடும் என்ற ஆசை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் பவர், வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் ஏறும். 100-லிருந்து 120-க்குப் போக, காற்றுக்கு மட்டும் 73 சதவீதம் கூடுதல் பவர் வேண்டும். 8 சதவீதத்தை வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் வேகம் கூடினால் அதிகம்.

மெக்கானிக்குகள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. பிஸ்டனைப் பெரிதாக்கிவிட்டு ஹெட்டில் உள்ள எரியறையை அப்படியே விட்டால் கம்ப்ரஷனும் (பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுத்தும் விகிதம்) ஏறும். உங்கள் வண்டியின் 9.5 என்ற விகிதம், மேலே சொன்ன உதாரணத்தில், 10.2-ஐ ஒட்டிப் போய்விடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின், ரேடியேட்டர் கிடையாது. மே மாத வெயிலில் இரண்டு பேரோடும் பெட்டிகளோடும் மலையேறும்போது நாக்கிங் (கலவை முறை தவறி வெடிப்பது) வந்தால், ஹெல்மெட்டுக்குள் இருக்கும் உங்களுக்குக் கேட்கக்கூடக் கேட்காது. பிஸ்டன் தலை கரிந்த பிறகுதான் தெரியவரும். ஹெட்டைத் திறந்த இன்ஜின்கள் எத்தனையோ பார்த்தவன் நான். சுற்றுலா வண்டியில் பவரைவிட ‘வீடு வந்து சேரும்’ என்ற நம்பிக்கைக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

சைலன்சர் மட்டும் மாற்றுவதும் வீண்தான். சத்தம் கூடினால் வேகம் கூடியது போலத் தோன்றும். நிதானமாக ஓடும்போது ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துப் பெட்ரோல் அளவைத் திருத்திக்கொள்ளும். முழுதாக முறுக்கும்போது ஈசியூ தன்னிடம் எழுதி வைத்த அளவைத்தான் ஊற்றும். காற்று கூடி, பெட்ரோல் கூடாவிட்டால் சூடு ஏறும். அதனால் சைலன்சரைத் தொட்டால் ரீமேப்பும் வேண்டும் என்று உங்கள் மெக்கானிக் சொன்னது நியாயமே.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஆர்சி-யில் இருக்கும் சிசி வேறு, வண்டியில் இருப்பது வேறு என்றால் அது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின் கீழ் வரும் மாற்றம். அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்தால் விபத்து நேரத்தில் கிளெய்மைத் தட்டிக்கழிக்க அவர்களுக்கு நல்ல சாக்கு கிடைக்கும்.

லே பற்றி. அங்கே பிக் போர் உங்களைக் காப்பாற்றாது. லேக்கு அருகே உள்ள கர்துங் லா கணவாய் சுமார் 5,350 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் 24.5 பிஎச்பி பன்னிரண்டு, பதின்மூன்றாகிவிடும். கிட் போட்டிருந்தால் அதோடு இன்னும் ஒன்று. அவ்வளவுதான். உங்களுடையது எஃப்ஐ வண்டி (பெட்ரோலை ஈசியூ அளந்து பீய்ச்சும் வகை) என்பதால் காற்று குறையும் அளவுக்குப் பெட்ரோலையும் அதுவே குறைத்துக்கொள்ளும்; பழைய கார்புரேட்டர் வண்டிக்காரர்கள்போல ஜெட்டைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே உங்களுக்குக் கைகொடுப்பது குறைந்த எடையும் சின்னக் கியரும்தான். வண்டி 190 கிலோவுக்கு மேல், ஆள் இருவர் 140, பெட்டியும் சாமானும் 40 என்றால் மொத்தம் 370-ஐத் தாண்டுகிறது. அதில் 20 கிலோவை வீட்டிலேயே வைத்துவிட்டால் ஏற்றத்தில் 5 சதவீத லாபம். (எங்கள் வீட்டில் இந்த யோசனைக்கு வரவேற்பு இல்லை.)

46,000 கி.மீ. ஓடிய வண்டி என்பதால், புதுப் பவர் வாங்குவதற்கு முன் பழைய பவர் எங்கே போனது என்று பாருங்கள். டாப் கியரில் 60-ல் போகும்போது முழுதாக முறுக்குங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் நழுவுகிறது. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து ரிங்ஸும் வால்வும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். டேப்பட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி), ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பது, டயர் காற்று எல்லாம் ஒரே நாளில் முடிகிற வேலை.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் முன் ஸ்பிராக்கெட்டில் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்துப் போடுங்கள். எல்லாக் கியரிலும் சக்கரத்துக்கு 7 சதவீதம் இழுவை கூடும். கிட்டத்தட்ட பிக் போர் தரும் அதே அளவு, இன்ஜினைத் திறக்காமலே. பதிலுக்கு பைபாஸில் 4,500-ல் ஓடிய இன்ஜின் 4,800-ல் ஓடும், மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும், செயினும் சற்று வேகமாகத் தேயும்.

இதுவும் பற்றாதென்றால் உங்களுக்கு வேண்டியது வேறு வண்டி. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450-ல் 40 பிஎஸ் பவர், 40 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர், ரேடியேட்டர் எல்லாம் உண்டு. அந்த 80,000-ஐயும், திறக்காத 411-ஐ விற்றுக் கிடைக்கும் பணத்தையும் அதில் போடலாம். ஹெட் திறந்த 411-க்கு அந்த விலை கிடைக்காது.

ஸ்பிராக்கெட் மாற்றினால் பழையதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். லேயிலிருந்து திரும்பிய பிறகு, கோவை - சென்னை பைபாஸில் தனியாக ஓட்டும்போது அதுதான் உங்களுக்குப் பிடிக்கும்.