கொழுப்பில் சுரக்கும் ஹார்மோன்களுக்கும் ஆட்டோ இம்யூன் நோய்களுக்கும் என்ன தொடர்பு?

எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்குவதுதான் ஆட்டோ இம்யூன் நோய். கொழுப்புத் திசுவும் ஹார்மோன்களைச் சுரப்பதால் அதற்கும் இதில் பங்கு உண்டு.

முக்கியமானது 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின். பசியை அடக்குவதோடு அது நிற்பதில்லை. அழற்சியைக் கிளப்பும் டி செல்களை (எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்த ஒருவகை வெள்ளை அணுக்கள்) தூண்டிவிடும். அவற்றுக்குக் கடிவாளம் போடும் டி செல்களைப் பெருகவிடாது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத எலிகளுக்கு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை எதிர்ப்பு சக்தி தாக்கும் நோய்) போன்ற நோயை ஆய்வகத்தில் வரவழைக்கப் பார்த்தாலும் எளிதில் வராது. லெப்டினைச் செலுத்திவிட்டு முயன்றால் வந்துவிடும். எனக்கு வலுவான சான்றாகப் படுவது இதுதான்.

சரி, கொழுப்பில் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான அடிப்போனெக்டின்? ரத்தநாளங்களில் பெரும்பாலும் அழற்சியைத் தணிக்கும். முடக்குவாதம் வந்த மூட்டுக்குள்ளோ அதுவே அழற்சியை வளர்க்கிறது. உடல் பருத்தால் லெப்டின் கூடும். ஆனால் அது மட்டுமே காரணமாகிவிடாது. ஒல்லியானவர்களுக்கும் இந்நோய்கள் வருகின்றனவே!