வாசகர் கேள்வி: கொழுந்து விலையும் ஸ்டோயிக் கணக்கும்

இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். பச்சை இலை விலை இறங்கினால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஸ்டோயிக் (பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவம்) முறைப்படி 'கையில் உள்ளது, கையில் இல்லாதது' என்று தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதினேன். ஒரு வாரம் நிம்மதி, அப்புறம் பழையபடிதான். எங்கே தப்பு?
– கோத்தகிரி வாசகர்

'கையில் உள்ளது' பத்தியில் 'இலையின் தரம்' என்று எழுதியிருப்பீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள், கோளாறும் அங்கேதான். ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸ் போட்ட கோடு மிகக் கறாரானது. நம் கருத்து, முனைப்பு, விருப்பு, வெறுப்பு இவைதான் இந்தப் பக்கம். உடம்பு, சொத்து, பேர், பதவி எல்லாம் அந்தப் பக்கம். அடிமையாக இருந்தவர் போட்ட கணக்கு, சலுகை இருக்காது. நீங்கள் எவ்வளவு ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாலும் ஜனவரியில் ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிவிடும். ஆக, தரமும் அந்தப் பக்கம்தான்.

அதனால் அந்தப் பத்தியில் பொருளை எழுதாதீர்கள், வினைச்சொல்லை எழுதுங்கள். 'ரவுண்டு (அடுத்த பறிப்பு நாள்) தள்ளிப்போகாமல் பறிக்கச் சொல்வேன். முற்றிய இலையைப் பொறுக்கி எடுப்பேன். சாக்கில் அமுக்கித் திணிக்க மாட்டேன்.' (திணித்தால் உள்ளே சூடேறி இலை சிவந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.) ஸ்டோயிக்குகளின் வாதமாக ரோமானிய எழுத்தாளர் சிசரோ ஒரு வில்லாளியைக் காட்டுகிறார். நேராக எய்ய வேண்டியதையெல்லாம் செய்வதுதான் அவன் நோக்கம். குறி தைத்தால் நல்லது, அவ்வளவே.

அடுத்து, தேயிலை வாரியம் பச்சை இலை விலையை மாதத்துக்கு ஒருமுறைதான் அறிவிக்கிறது. தினமும் வாட்ஸ்அப்பில் விசாரிப்பதை விட்டு, அன்றைக்கு மட்டும் பாருங்கள். இதுவரை கிடைத்ததிலேயே மோசமான விலையை வைத்து உரம், ஆள் கூலி, கடன் தவணை மூன்றுக்கும் கணக்குப் போடுங்கள். வரக்கூடிய கஷ்டத்தை முன்கூட்டி நினைத்துப் பார்க்கச் சொன்னவர் ரோமானிய ஸ்டோயிக் செனகா. ஆனால் அதைப் பகலில், பேனாவோடு செய்ய வேண்டும். படுக்கையில் செய்தால் அதற்குப் பேர் கவலை.

'விலை என் கையில் இல்லை' என்று சங்கக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மனுக் கொடுப்பதும் வினைச்சொல்தான்.

லாட்ஜ் வரவேற்பில் வேலை. மே மாத சீசனில் இ-பாஸ் (மலைக்கு வர இணைய அனுமதிச் சீட்டு), டிராஃபிக் எல்லாவற்றுக்கும் எங்களிடம்தான் கத்துகிறார்கள். கோபத்தில் கை நடுங்குகிறது. எனக்கு இந்தத் தத்துவம் சரிவராதோ?
– கொடைக்கானல் வாசகி

நடுக்கம் தோல்வி இல்லை. 'கோபம் பற்றி' நூலில் செனகா மூன்று படிகளைப் பிரிக்கிறார். முதல் துடிப்பு, குளிர்ந்த தண்ணீர் பட்டால் உடம்பு சிலிர்ப்பது போலத் தானாக வருவது. அதை யாராலும் தடுக்க முடியாது. 'இவர் என்னை அவமானப்படுத்திவிட்டார், விடக்கூடாது' என்று மனம் கையெழுத்துப் போடுவது இரண்டாம் படி. மூன்றாவதில் கடிவாளம் அறுந்துவிடும். உங்கள் வேலை இரண்டாவதில். கோபத்துக்கு அவர் சொல்லும் பெரிய மருந்து தாமதம். 'ஒரு நிமிஷம் சார், ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்றேன்' என்று குனிந்து, கத்துகிறவர் பெயரையும் அறை எண்ணையும் மெதுவாக எழுதுங்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் முந்தாது.

ராத்திரி ஐந்து நிமிஷம் அன்றைய நாளைத் திருப்பிப் பாருங்கள். எங்கே தவறினேன், எதைத் தாங்கினேன், எதில் தேறினேன் என்று ஒவ்வொரு வரி போதும். இது தன்னையே திட்டிக்கொள்ளும் நேரமாக மாறினால் இரண்டே நாளில் விட்டுவிடுவீர்கள். செனகா தனக்குச் சொல்லிக்கொண்டது, 'இனி செய்யாதே, இந்த முறை மன்னித்தேன்' என்பதுதான்.

ஸ்டோயிக் என்றால் கல்நெஞ்சமா?
– ஊட்டி வாசகர்

இல்லை. மகிழ்ச்சியை நல்ல உணர்ச்சிகளில் ஒன்றாகவே வகுத்தார்கள். ஸ்டோயிக்காக வாழ்ந்த ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் எழுதிய குறிப்புகளின் முதல் பகுதியைப் புரட்டுங்கள். தாத்தா, அம்மா, ஆசிரியர்கள் என்று வரிசையாக நன்றிதான்.