வாசகர் கேள்வி: முன்பணம் வாங்கியவர் சுதந்திரமானவரா?

கேள்வி: அரசுக்கு வரி, முதலாளிக்கு உழைப்பு. ஓட்டுப் போடும் ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் யாரோ சொன்னபடிதான் நடக்கிறோம். இதற்குப் பேர் சுதந்திரமா? (குலசேகரம் வாசகர்)

"நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன்" என்று சொன்ன பிறகும் உங்கள் வீட்டில் உலை கொதிக்குமா? கொதித்தால் நீங்கள் ஓரளவு சுதந்திரமானவர்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1855-ல் அரச ஆணை அடிமை முறையை ஒழித்தது. ஆளை விட்டது, நிலம் கொடுக்கவில்லை. நிலமில்லாதவர் கூலிக்குப் பிறர் வயலில்தான் இறங்க வேண்டியிருந்தது. ஊழியம் என்ற பேரில் சம்பளமில்லா வேலை வாங்கியதும் இதே அரசுதான். மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்துக்குப் பணிந்து வந்த 1859 ஆணையும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஆகவே அரசை மட்டும் நம்பு, சந்தையை மட்டும் நம்பு என்ற இரண்டு கட்சியிலும் நான் இல்லை.

பசியும் ஒரு கட்டாயமே என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கு அது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினால், அரசியல் சாசனம் 23-வது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் அது. ஆள் தானாக வந்தார் என்பது சாக்காகாது.

கேள்வி: அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) முன்பணம் வாங்கியவரை, "கணக்கு தீராமல் வேறு ஆபீசுக்குப் போகக் கூடாது" என்று தடுக்கலாமா? (கருங்கல் வாசகி)

முன்பணம் கொடுப்பது குற்றமில்லை. அதைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமலோ, ஊர் தாண்டவிடாமலோ, பேருக்குக் கூலி கொடுத்தோ வேலை வாங்கினால் 1976 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் வரும். அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கொடுத்தவர்தான். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் இருப்பவர் கவனிக்க: விடுதலையானவரைக் குடியிருப்பிலிருந்து இறக்கிவிடவும் கூடாது.

விடுதலை கேட்டு எழுதும் மனுவை, கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவில் அல்லது பத்மநாபபுரம் வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் கொடுங்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடமும் கொடுக்கலாம். மனு பெரும்பாலும் படுத்துவிடுவது "கொடுமை செய்கிறார்கள்" என்று மட்டும் எழுதுவதால். எந்த மாதம் எவ்வளவு வாங்கினார், வாரக் கூலி எவ்வளவு, எவ்வளவு பிடித்தார்கள், போகக் கூடாது என்று யார், என்றைக்குச் சொன்னார் என்று எழுதுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் சேருங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்ப வேண்டாம். விசாரணையில் முதலாளி பக்கத்தில் நின்றால் வாய் வராது. தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். முடிவில் விடுதலைச் சான்று கையில் வர வேண்டும். மறுவாழ்வு உதவி கேட்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: வலை வாங்கத் தரகர் வட்டியில்லாமல் பணம் தந்தார். மீனை அவரிடமே போட வேண்டுமாம். இது உதவிதானே? (குளச்சல் வாசகர்)

உழைப்பின் விளைச்சலைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையைக் கடனுக்காக விட்டுக்கொடுப்பதும் அந்தச் சட்டத்தின் வரையறையில் இருக்கிறது. ஆனால் சொந்த வள்ளம் (மீன்பிடிப் படகு) வைத்திருப்பவருக்கு அது பொருந்துமா என்று வழக்கு இழுத்துக்கொண்டே போகும். முதலில் கணக்குப் போடுங்கள். கடன் 1 லட்சம், மாத விற்பனை 3 லட்சம், தரகு நூற்றுக்கு 5 என்று வையுங்கள். மாதம் 15,000 ரூபாய் போகிறது. அசல் 1 லட்சம் அப்படியே நிற்கிறது. வட்டியில்லாக் கடன் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.