மத்தியச் சட்டம் வந்தபின் மாநில விதிகள் எதற்கு?

தொழிலாளர் நலன், மத்திய அரசும் மாநிலங்களும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. 29 பழைய தொழிலாளர் சட்டங்களை நாடாளுமன்றம் நான்கு தொகுப்புகளாக்கினாலும், நடைமுறை விவரங்களை ‘உரிய அரசு’ விதிகளாக வகுக்க வேண்டும். ரயில்வே, சுரங்கம், வங்கி போன்றவற்றுக்கு அது மத்திய அரசு. பெரும்பாலான தனியார் ஆலைகள், கடைகளுக்கு மாநில அரசு.

கூலியையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிமட்ட ஊதியத்தை மத்திய அரசு நிர்ணயிக்கும். மாநிலம் தன் குறைந்தபட்ச ஊதியத்தை அதற்கு மேல் வைக்கலாம், கீழே இறங்க முடியாது. ஆலைகளில் ஆட்குறைப்புக்கு முன்அனுமதி கேட்கும் வரம்பு 300 தொழிலாளர்கள். அதை மாநிலம் அறிவிக்கை மூலம் இன்னும் உயர்த்தலாம். என் பார்வையில் உரசல் வரக்கூடிய இடம் இதுதான்.

சரி, விதிகள் தாமதமானால்? 2025 நவம்பர் 21 அன்று தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அவற்றுக்கு முரணாகாத பழைய விதிகள் இடைக்காலத்தில் தொடரும். புதிய விதிகளை வரைவாக வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே இறுதி செய்ய முடியும்.