நிதி திரட்டுவோர் மாநாடு: போனால் என்ன கிடைக்கும்?

வாசகர் கேள்வி – பதில்

தமிழக எல்லையோரத்தில் ட்ரஸ்டும் சங்கமும் நடத்தும் வாசகர்கள் இந்த மாதம் எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: நன்கொடை திரட்டும் வேலையில் இருப்பவர்களுக்கென்று பெங்களூர், சென்னை, கொச்சி என்று நடக்கும் மாநாடுகள். அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில்.

கேள்வி: முதியோர் இல்லம் நடத்தும் எங்கள் ட்ரஸ்டில் நன்கொடை வேலையைப் பார்க்க ஒரே ஒரு பெண்தான் இருக்கிறார். பெங்களூரில் இரண்டு நாள் மாநாட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். கட்டணம், ரயில், தங்கல் எல்லாம் சேர்த்து ரூ.12,000 ஆகும். "அத்தனை பணம் கொடுத்து அனுப்பினால் எவ்வளவு கொண்டுவருவார்?" என்று கமிட்டியில் கேட்கிறார்கள். என்ன சொல்ல?
– செயலாளர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஒரு ரூபாயும் கொண்டுவர மாட்டார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை அதோடு முடியும். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் அவரைப் போலவே கேட்கிற பக்கத்து ஆட்கள். கொடுக்கிற பக்கத்தில் சிலர்தான். அவர்களைச் சுற்றி எந்நேரமும் பத்துப் பேர் நிற்பார்கள்.

அவருக்குக் கிடைப்பது வேறு. ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுத இரண்டு பேர் இருந்தால் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளலாம். நன்கொடை வேலையில் அவர் தனி ஆள். அவர் முட்டிக்கொண்டிருக்கும் சிக்கலை ஏற்கெனவே தீர்த்துவிட்ட நாலு பேரின் போன் நம்பர் கிடைத்தாலே ரூ.12,000 வீண் இல்லை. ஆனால் சிக்கல் என்னவென்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அதற்கு, போவதற்கு முந்தின வாரம் ரசீதுப் புத்தகங்களை எடுத்து ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். போன வருடம் கொடுத்தவர்கள் 240 பேர், அவர்களில் இந்த வருடமும் கொடுத்தவர்கள் 84 பேர் என்று வைத்துக்கொள்வோம். 35 சதவீதம் பேர் தங்கியிருக்கிறார்கள். இதைத்தான் மாநாட்டில் 'டோனர் ரிடென்ஷன்' என்பார்கள். அமெரிக்காவிலேயே இது பல வருடங்களாகப் பாதிக்குக் கீழேதான் நிற்கிறது, அதனால் எண் சின்னதாக இருக்கிறதே என்று கூச வேண்டாம். "நன்கொடை குறைகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் "நன்கொடையாளரோடு தொடர்பில் இருங்கள்" என்று பொத்தாம்பொதுவாக ஒரு பதில் வரும். "மாதாமாதம் கொடுக்கச் சேர்ந்த 60 பேரில் மூன்றாம் மாதமே 22 பேர் நின்றுவிட்டார்கள்" என்று சொன்னால், அதே வேலையைச் செய்கிறவர் உடனே திருப்பிக் கேட்பார்: "எந்தத் தேதியில் பணம் எடுக்கிறீர்கள்?"

அந்த ஒரு கேள்வியில் எவ்வளவு இருக்கிறது, பாருங்கள். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலோ யு.பி.ஐ. ஆட்டோபேயிலோ மாதாமாதம் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே நன்கொடையாளருக்குத் தகவல் போக வேண்டும்; வேண்டாமென்றால் அவர் அங்கேயே நிறுத்திவிடலாம். தகவலில் ட்ரஸ்ட் பெயருக்குப் பதில் பேமென்ட் கம்பெனியின் பெயர் வந்தால், "ஏதோ மோசடி" என்று நினைத்து நிறுத்துகிறவர்கள் உண்டு. 28-ஆம் தேதி எடுத்தால் அக்கவுண்டில் பணம் இருக்காது. சம்பளம் வந்த கையோடு 5-லிருந்து 7-க்குள் எடுத்தால் இருக்கும். ஒரு தடவைக்கு ரூ.15,000 வரை ஓ.டி.பி. இல்லாமல் போகும், அதற்கு மேலே ஒவ்வொரு தடவையும் கேட்கும். நின்றுபோன 22 பேரில் எத்தனை பேர் மனம் மாறி நிறுத்தினார்கள், எத்தனை பேருக்கு வங்கி திருப்பி அனுப்பியது என்று பிரித்துப் பார்த்தால்தான் யாருக்குப் போன் செய்வது என்று தெரியும்.

எந்த அமர்வில் உட்காருவது என்பதையும் அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். தொடக்க விழா உரைகளைத் தவறவிட்டால் நஷ்டமில்லை. சட்டம், வரி பற்றிய அமர்வைத் தவறவிடக் கூடாது. அங்கே கூட்டம் குறைவு, கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்பதால் 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை), 12ஏபி (ட்ரஸ்டுக்கு வரி விலக்கு) என்று நாம் சொல்லிப் பழகிய எண்களெல்லாம் மாறுகின்றன. ரசீதில் எந்தப் பிரிவை அச்சடிப்பது, பழைய ரசீதுப் புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.

யு.பி.ஐ. க்யூ.ஆர். கோடில் வரும் பணத்தைப் பற்றியும் கேட்கட்டும். நன்கொடை விவரப் பட்டியலை, அதாவது பழைய எண்ணில் 10பிடி படிவத்தை, நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் தாக்கல் செய்யாவிட்டால் நாளுக்கு ரூ.200 தாமதக் கட்டணம். அதில் நன்கொடையாளரின் பான் அல்லது வேறு அடையாள எண் கேட்பார்கள். ஆனால் க்யூ.ஆரில் வரும் பணத்தோடு வருவது பெயரும் யு.பி.ஐ. ஐடியும் மட்டும்தான். மே மாதம் 300 பேருக்குப் போன் போட்டு பான் கேட்கும் அவஸ்தையிலிருந்து மற்றவர்கள் எப்படித் தப்பித்தார்கள் என்பது மேடையில் வராது, டீ இடைவேளையில்தான் வரும்.

கேள்வி: எங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி தொழில்நகர். இத்தனை கம்பெனிகள் இருந்தும் சி.எஸ்.ஆர். (கம்பெனிகள் சமூகப் பணிக்குத் தரும்) பணம் ஒரு பைசா வரவில்லை. சென்னை மாநாட்டில் சி.எஸ்.ஆர். அதிகாரிகள் பேசுகிறார்களாம். போய் நேரில் விண்ணப்பம் கொடுக்கலாமா?
– சங்கத் தலைவர், தடா

பதில்: போங்கள், விண்ணப்பம் கொடுக்காதீர்கள். மேடையிலிருந்து இறங்குகிறவர் கையில் திணித்த ஃபைல் ஓட்டல் மேசையிலேயே கிடக்கும்.

முதலில் உங்கள் காகிதங்களைப் பாருங்கள். வெளி அமைப்பு ஒன்று சி.எஸ்.ஆர். வேலை செய்ய வேண்டுமென்றால் வருமான வரித் துறையின் (பழைய எண்களில்) 12ஏ, 80ஜி பதிவுகள் இரண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும், அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த அதிகாரி உங்களுக்கு நல்லவராக இருந்து பயனில்லை.

எல்லாக் கம்பெனிக்கும் இந்தக் கடமை இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி – இவற்றில் ஒன்றையாவது தொட்ட கம்பெனிதான் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். புதிதாக வந்த ஆலை லாபமே காட்டாமல் இருக்கலாம். அதன் வாசலில் நின்று பயனில்லை.

எல்லையோரத்துக்காரர்கள் மாநாட்டில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கம்பெனி தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது சட்டம். ஆலை ஆந்திராவில், தலைமை அலுவலகம் சென்னையில், உங்கள் பள்ளியில் படிப்பது தமிழ்ப் பிள்ளைகள். "உங்கள் உள்ளூர்ப் பகுதி என்று கம்பெனியின் இயக்குநர் போர்டு எதை வைத்திருக்கிறது? எத்தனை கிலோமீட்டர்?" என்று கேளுங்கள். இந்த முன்னுரிமை வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை என்று அமைச்சகமே 2021-இல் விளக்கிவிட்டது. ஆனாலும் பல கம்பெனிகள் தங்கள் கொள்கையில் மாவட்டப் பெயரை எழுதிவைத்துக்கொண்டு அதைத் தாண்ட மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டால் ஒரு வருட அலைச்சல் மிச்சம்.

ஆண்டுத் திட்டத்தை எந்த மாதம் முடிவு செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் நடக்கும் மாநாடு உங்களுக்குத் தோது. ஜூலையில் போனால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்பார்கள்.

இன்னொன்று. "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் காட்டக் கூடாது" என்று பயந்து சம்பளத்தையெல்லாம் பட்ஜெட்டில் மறைக்கிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தும் செலவுக்கான வரம்பு. உங்கள் ஆசிரியரின் சம்பளம் திட்டச் செலவு. ஒளிக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: கூட்டம் முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தமிழும் மலையாளமும்தான் சரளம். போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவா?
– தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான விடுதிப் பொறுப்பாளர், மூணாறு

பதில்: மேடைப் பேச்சு இங்கிலீஷில் நடக்கும், சாப்பாட்டு வரிசை அப்படி இல்லை. கொச்சி என்றால் மலையாளம், சென்னை என்றால் தமிழ், பெங்களூரில் இரண்டுமே ஓடும். மூன்று வாக்கியம் மட்டும் இங்கிலீஷில் மனப்பாடமாக இருக்கட்டும்: யாருக்காக என்ன செய்கிறோம், ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது, இப்போது எதில் உதவி தேவை. "மாணவர்களின் முழுமையான வளர்ச்சி" மாதிரி வாக்கியங்கள் வேண்டாம். "80 பிள்ளைகள், எஸ்டேட் லயன் வீடுகளிலிருந்து, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு" என்றால் எதிரில் நிற்பவர் நினைவில் நிற்கும். ஒர்க்ஷாப் இருந்தால் பேனலை விட்டுவிட்டு அதில் உட்காருங்கள். பேப்பரும் பேனாவுமாகச் செய்கிற இடத்தில் மொழி அவ்வளவு இடிக்காது.

கேள்வி: மாநாட்டு ஸ்டாலில் ஒருவர், "நீங்கள் ஒன்றும் செலவு செய்ய வேண்டாம், நான் திரட்டித் தருகிறேன், வருவதில் 15 சதவீதம் எனக்கு" என்றார். எங்களுக்கு நஷ்டமில்லையே?
– நெசவாளர் நலச் சங்கம், நகரி

பதில்: வேண்டாம். அமெரிக்காவில் 1960-இல் தொடங்கிய, ஏ.எஃப்.பி. என்று சுருக்கிச் சொல்லும் நிதி திரட்டுவோர் சங்கத்தின் நெறிமுறையே, திரட்டும் தொகையில் சதவீதம் வாங்குவதை உறுப்பினர்களுக்குத் தடை செய்கிறது. காரணம் எளிது. சதவீதம் வாங்குகிறவர் இன்றைக்கு எவ்வளவு வரும் என்றே பார்ப்பார். அடுத்த வருடம் அந்த நன்கொடையாளர் உங்கள் போனை எடுக்காவிட்டால் அவருக்கு என்ன? தான் கொடுத்த நூறில் பதினைந்து தரகாகப் போனது என்று தெரிந்த அன்றே நன்கொடையாளர் உங்களை மறந்துவிடுவார்.

ஆள் தேவைதான் என்றால் மாதத்துக்கு இவ்வளவு, வேலைக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் பேசுங்கள். பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும். நன்கொடையாளரின் பெயர், போன் நம்பர் எல்லாம் உங்கள் சொத்து என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இணையத்தில் பலரிடம் பணம் திரட்டித் தரும் க்ரவுட்ஃபண்டிங் ஸ்டால்களில் கணக்கு வேறு விதம். "5 சதவீதம்தான்" என்பார்கள். பேமென்ட் கேட்வேக்கு 2 சதவீதம் தனியாக என்றால் 7 ஆச்சு, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 8.26. லட்சம் ரூபாய் திரண்டால் உங்கள் கைக்கு ரூ.91,740. இது தப்பில்லை, சேவைக்கான விலை. ஆனால் ஸ்டாலிலேயே பேப்பரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பணம் எத்தனை நாளில் வரும், நன்கொடையாளர் விவரம் தருவார்களா என்பதையும் அதே பேப்பரில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் வெளிநாட்டுப் பணம் வாங்கவே கூடாது என்று மாநாட்டில் சொன்னார்கள். எங்களுக்கு வருவதில் பாதி துபாய், ஷார்ஜாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் தருவது. நிறுத்திவிட வேண்டுமா?
– பொருளாளர், பாலக்காடு

பதில்: அவர்கள் சொன்னது சரி, நீங்கள் புரிந்துகொண்டதில் ஒரு பாதி விட்டுப்போனது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களில் பெரும்பாலோர் இந்தியக் குடிமக்கள்தான். பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலை வாங்கி ரசீதோடு கோத்துவையுங்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, சிங்கப்பூரில் இருப்பவர்களிடம்தான் உஷார் வேண்டும்: குடியுரிமை மாறி ஓ.சி.ஐ. கார்டு வைத்திருப்பவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. பத்தாயிரம் ரூபாயானாலும் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. பலர் சேர்ந்து ஒருவர் பெயரில் மொத்தமாக அனுப்புவதையும் நிறுத்துங்கள்; "சொந்தச் சேமிப்பு" என்று அப்போது சொல்ல முடியாது.

கேள்வி: மாநாட்டிலிருந்து நாற்பது விசிட்டிங் கார்டோடு வந்தேன். மூன்று வாரமாக மேசை டிராயரில் கிடக்கிறது. இப்போது என்ன செய்ய?
– பாறசாலை

பதில்: மூன்று வாரம் என்பது ரொம்பத் தாமதம், கெட்டுப்போன தாமதம் இல்லை. நாற்பதையும் மேசைமேல் பரப்புங்கள். யாரோடு என்ன பேசினீர்கள் என்று ஞாபகம் வராத கார்டுகளை எடுத்து ஓரம் வையுங்கள், இருபத்தைந்து கார்டாவது போய்விடும். (அடுத்த தடவை கார்டு வாங்கியதும் பின்பக்கம் ஒரு வரி எழுதுங்கள்: என்ன கேட்டார், என்ன தருவதாகச் சொன்னோம். வழவழ கார்டில் பால்பாயிண்ட் ஏறாது, பெர்மனென்ட் மார்க்கர் வேண்டும்.)

மிச்சம் பதினைந்தில், நீங்கள் ஏதாவது அனுப்புவதாகச் சொன்னவர்களுக்கு இன்றைக்கே அதை அனுப்புங்கள். தாமதத்துக்கு ஒரு வரி போதும், விளக்கம் வேண்டாம். உங்களைப் போல நிதி திரட்டுகிறவர்களுக்கு உங்கள் படிவத்தையோ மாத நன்கொடைக் கடிதத்தையோ அனுப்பி அவர்களுடையதைக் கேளுங்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் மாநாட்டில் மெய்யாகவே லாபம். கொடுக்கிற பக்கத்து ஆட்களிடம் முதல் மெயிலிலேயே பணம் கேட்காதீர்கள். "உங்கள் பேச்சில் சொன்ன விதிமுறைப்படி எங்கள் வேலை பொருந்துமா?" என்று ஒரே ஒரு கேள்வி, கூடவே ஒரு பக்கக் குறிப்பு: பதிவு எண்கள், ஆடிட் செய்த மூன்று வருட வரவு, ஒருவருக்கு ஆகும் செலவு. பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை, அதோடு சரி.

நாற்பது நம்பரையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு தினமும் காலை வணக்கம் அனுப்பும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். கேட்காமல் சேர்ப்பது மரியாதையும் இல்லை, 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டத்தின் போக்குக்கும் ஒத்துவராது. இரண்டாம் நாளே பாதிப் பேர் வெளியேறியிருப்பார்கள்.